ஒன்பதுன்னா பூஜ்யம்

குரங்குச்சாவடி தாண்டி அந்த ஷோரூமில்
கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது.
மனிதர்களுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.
"சார் பார்க்கிங் போட்டுட்டு வர்றாங்களா மேடம்?"
வரமாட்டார் என்றேன்.
எந்த சார் என்று நானும் கேட்கவில்லை,
எங்கே போனார் என்று அவர்களும் கேட்கவில்லை.

காகிதக் கோப்பையில் காப்பி வந்தது.
ஏற்காட்டுக் கொட்டையாம்.
பதினோரு வருடமாக அந்த மூட்டைகளை
என் குட்டியானையில்தான் இறக்குகிறேன்.
இது வேறெந்த மலையோ.

என்னிடம் தள்ளிவிடப்பட்ட பையன் பெயர் இளம்பரிதி.
கழுத்தில் அட்டை, புதுச் சட்டையில் கலையாத மடிப்பு.
வண்ணம் சொன்னான், சீட்டுத் துணி சொன்னான்,
கூரையைத் திறந்தால் வானம் தெரியும் என்றான்.
முழுப் பாரத்தில், இரண்டாம் கியரில்,
ஏழாவது வளைவில் இழுக்குமா என்றேன்.
கையிலிருந்த டேப்லெட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான்.
அதில் அப்படி ஒரு பக்கம் இல்லை.

டெஸ்ட் டிரைவ் என்றால்
ஐந்து ரோடு பாலம் ஏறி இறங்குவது. அதுதான் சட்டம்.
பாலம் வாங்க வரல தம்பி, மலைக்கு விடு.
கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர்
முதலில் என் செருப்பைப் பார்த்தார்.
பிறகு காலண்டரைப் பார்த்தார், மாதக் கடைசி.
சரி என்றார்.

அடிவாரம் செக்போஸ்ட் வரை
ஏர்பேக் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான்.
மூன்றாவது வளைவில் குரல் இறங்கியது.
ஆறாவதில் கம்பெனி பெயரே மறந்துவிட்டது.
ஒன்பதில் நிறுத்தினேன்.
தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.
குரங்குகள் மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தன.

என் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சை கிடக்கும்.
நகத்தால் கீறிக் கொடுத்தேன்.
மோந்துகொண்டே சொன்னான்.
அறந்தாங்கிப் பக்கம் ஊராம்,
மேடு என்றால் அங்கே கண்மாய்க் கரைதானாம்.
சேலம் வந்து எட்டு மாதம்,
மலையை ஷோரூம் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறானாம்.
மாதம் நாலு வண்டி தள்ள வேண்டும்.
இந்த மாதம் ஒன்று,
அதுவும் சித்தப்பா வாங்கியது.
இறங்கும்போது அவன் எதுவும் பேசவில்லை.
எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்டது.
அப்போதுதான் வாங்கலாம் என்று முடிவு செய்தேன்.

பில்லில் ஹேண்ட்லிங் சார்ஜ் ஏழாயிரத்து ஐந்நூறு.
யார் கை, எதைத் தொட்டது என்றேன்.
மேனேஜர் வந்து சிரித்தார்,
எல்லாருக்கும் உள்ளதுதான் என்றார்.
பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.
திரும்ப உட்காருவதற்குள் அது அழிந்திருந்தது.
திட்டு மட்டும் பையனுக்கு விழுந்தது,
கதவு சாத்தியும் கேட்டது.

டெலிவரி அன்று சாமந்தி மாலை, கேக்,
ஆளுயர அட்டைச் சாவி.
கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே நாலு பேர் கை தட்டினார்கள்.
சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சை வைக்கச் சொன்னேன்.
வண்டி நகர்ந்தபோது மூன்றுதான் நசுங்கியது.
நாலாவது அவன் சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது.
ஜன்னலருகே குனிந்தான்.
மேடம் எங்கோ போயிருந்தது.
"அக்கா, கம்பெனியிலேர்ந்து போன் வரும்.
எல்லாத்துக்கும் பத்துன்னு சொல்லிருங்க.
ஒன்பதுன்னா எங்களுக்குப் பூஜ்யங்க்கா."

வந்தது.
அஸ்தம்பட்டி சிக்னலில்,
குட்டியானை நிறைய முட்டை அட்டைகளோடு நிற்கும்போது.
பெண் குரல். எண்களை மட்டும் கேட்கும் காது.
வரவேற்பு எப்படி இருந்தது?
வராத சாரை நினைத்துக்கொண்டேன். பத்து.
விலை விவரம் தெளிவாகச் சொன்னார்களா?
ஏழாயிரத்து ஐந்நூறு.
பத்து.
டெஸ்ட் டிரைவ்?
இதற்கு மட்டும் யோசிக்கவில்லை. பத்து.
ஏம்மா, மேனேஜருக்குத் தனியா மார்க் போட வழி இருக்கா?
கொஞ்ச நேரம் காற்று மட்டும் வந்தது.
"அப்படி ஒரு கேள்வி இல்லைங்க மேடம்."
பின்னால் ஹாரன்கள்.
அப்படின்னா நீ எழுதிக்க, என்று ஆரம்பித்தேன்.
பச்சை விழுந்தது. அவள் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை
தங்கை வீட்டார் நாலு பேரை ஏற்றிக்கொண்டு
புது வண்டியில் மலை ஏறினேன்.
ஏழாவது வளைவில்
லேசாகத் திணறத்தான் செய்தது.
அதை யாரும் கேட்கவில்லை.